வெட்டாமல் விட்ட புல்

என் அப்பா புல் வெட்டுகிறவர். நகராட்சி வேலையைக் குத்தகைக்கு எடுத்திருக்கும் ஒருவரிடம் இருபது வருடத்துக்கு மேல் வேலை. தோளில் தொங்கும் மிசின், முகத்துக்கு வலை, காலுக்கு ரப்பர் பூட்ஸ். ஜொகூர் சாலையோரங்களில் அவரைப் போன்றவர்களைப் பார்க்காதவர்கள் இருக்க முடியாது. இப்போது அந்த வேலையில் வங்காளதேசிகள் அதிகம். அப்பா சேர்ந்த காலத்தில் தமிழர்கள் நிறைய. நான் பொறியியல் படித்து முடித்ததற்குப் பின்னால் அந்த மிசினின் சத்தம் இருக்கிறது. ஒழுங்காக வெட்டிய புல்லைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு ஒரு நிம்மதி வரும். ‘சுத்தமா இருக்கு’ என்று மனசுக்குள் சொல்லிக்கொள்வேன்.

அந்த நிம்மதி ஆட்டம் கண்ட கதை இது.

2023இல் கம்பெனி என்னை ஐந்து மாதப் பயிற்சிக்காகச் சிகாகோவுக்கு மேற்கே ஒரு புறநகருக்கு அனுப்பியது. ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவரின் வீட்டில் மாடி அறையை வாடகைக்கு எடுத்திருந்தேன். அவருக்கு எழுபது வயதுக்கு மேல். தெருவில் எல்லா வீட்டு முன்னாலும் கம்பளம் விரித்ததுபோல் பச்சைப் புல். இவர் வீட்டு முன்னால் மட்டும் நெஞ்சளவுக்குக் காடு மண்டிக் கிடந்தது. மஞ்சள் பூ, ஊதாப் பூ, கண்டபடி உயர்ந்த புல். பாவம், வயசானவங்க, வெட்ட ஆள் இல்லை போலிருக்கு என்று நினைத்துவிட்டேன்.

ஜூலையில் ஒரு சனிக்கிழமை, அவர் நூலகத்துக்குப் போயிருந்த நேரம். கராஜில் அப்பாவின் மிசினுக்குத் தம்பி மாதிரி ஒரு சின்ன மிசின் இருந்தது. கார் நிறுத்தும் இடத்தை ஒட்டிய பகுதியை மட்டும் வெட்டிச் சுத்தம் செய்து வைத்தேன். அவர் திரும்பி வந்ததும் காரிலிருந்து இறங்கி அப்படியே நின்றார். திட்டவில்லை. குனிந்து, வெட்டுப்பட்டுக் கிடந்த சொரசொரப்பான ஒரு தண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். ஏழு வருடத்துக்கு முன்னால் விதை போட்ட செடியாம். அந்த வருடம்தான் முதன்முதலாகப் பூக்க இருந்ததாம்.

நான் மன்னிப்புக் கேட்டேன். எத்தனை முறை கேட்டேன் என்று ஞாபகம் இல்லை. “வேர் கீழே இருக்கு, அடுத்த வருஷம் வரும், இந்த வருஷ விதைதான் போச்சு” என்கிற அர்த்தத்தில் ஏதோ சொன்னார். சாயந்திரம் ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். ஆல்டோ லியோபோல்ட் எழுதி 1949இல் வெளிவந்த ‘எ சேண்ட் கவுண்டி அல்மனாக்’. மாதவாரியாகப் பிரித்து எழுதப்பட்ட புத்தகம். ஜூலைப் பகுதியைத் திறந்து காட்டினார்.

படித்ததும் முகம் சூடாகிவிட்டது. விஸ்கான்சினில் ஒரு கிராமக் கல்லறையின் மூலையில் மேயப்படாமலும் வெட்டப்படாமலும் தப்பிப் பிழைத்திருந்த ஒரு செடியைப் பற்றி லியோபோல்ட் எழுதியிருக்கிறார். வருடாவருடம் அது பூப்பதைப் பார்க்கப் போகிறவர், ஒரு தடவை போனபோது வேலி அகற்றப்பட்டிருக்கிறது. சாலைப் பணியாளர்கள் செடியை வெட்டிவிட்டார்கள். அது சில்ஃபியம் இனத்துத் திசைகாட்டிச் செடி. நான் வெட்டியதும் அதேதான். அந்தப் பத்தியில் வரும் சாலைப் பணியாளருக்குப் பெயர் இல்லை. எனக்கு அவர் அப்பாவைப் போலவே இருந்தார்.

அதன்பிறகு மீதமிருந்த வார இறுதிகளில் நான் செய்ததெல்லாம் இந்தப் புல்லின் வரலாற்றைத் தேடிப் போனதுதான்.

*

இல்லினாய் மாநிலத்துக்கு ‘பிரெய்ரி மாநிலம்’ என்றே பட்டப்பெயர். பிரெய்ரி என்றால் மரங்கள் அதிகம் இல்லாத, உயரமான புல்லும் பூச்செடிகளும் கலந்த பெருவெளி. ஒரு காலத்தில் மாநிலத்தில் ஏறக்குறைய 60 சதவீதம், அதாவது 2 கோடியே 20 லட்சம் ஏக்கர், அப்படித்தான் இருந்தது. பிக் ப்ளூஸ்டெம் என்ற புல் ஆளை மறைக்கும் உயரம் வளரும். வேர் அதே அளவுக்குக் கீழே போகும். ஒவ்வொரு வருடமும் வேரில் ஒரு பகுதி செத்து மக்கி, மண் கறுப்பாகும். ஆயிரக்கணக்கான வருடம் இப்படி நடந்ததில் உருவானதுதான் அமெரிக்காவின் பேர்பெற்ற கறுப்பு மண்.

அங்கே மழை ஒன்றும் குறைவு இல்லை. விட்டால் மரம் வளர்ந்துவிடும். வளரவிடாமல் வைத்திருந்தது நெருப்பு. மின்னல் வைத்த நெருப்பைவிட, மனிதர் வைத்த நெருப்பு முக்கியம். பொட்டவாட்டமி போன்ற பூர்வகுடிகள் வேட்டைக்காகவும் புதுப்புல் துளிர்ப்பதற்காகவும் வெளியைக் கொளுத்தினார்கள். ஆகவே பிரெய்ரியை ‘ஆள் கைபடாத இயற்கை’ என்று சொல்வது தப்பு. பராமரித்தவர்களை விரட்டிவிட்டு, அவர்கள் பராமரித்ததை இயற்கை என்று சொல்லிக்கொள்வது வசதியாக இருந்திருக்கிறது.

விரட்டியதற்குத் தேதி உண்டு. 1833இல் சிகாகோ ஒப்பந்தம். பொட்டவாட்டமிகளும் அவர்களுடன் சேர்ந்த இனத்தாரும் மிச்சமிருந்த நிலத்தை எழுதிக் கொடுத்துவிட்டு மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே போக வேண்டியதாயிற்று. நான்கு வருடம் கழித்து, 1837இல், இல்லினாயின் கிராண்ட் டிடூர் ஊரில் ஜான் டீர் என்ற கொல்லர் எஃகுக் கலப்பை செய்தார். அதுவரை இருந்த வார்ப்பிரும்புக் கலப்பையில் இந்தக் கறுப்பு மண் களிபோல ஒட்டிக்கொள்ளும். உழவன் நாலடிக்கு ஒருமுறை நின்று சுரண்டவேண்டும். மெருகேற்றிய எஃகில் மண் தானே வழுக்கி விழுந்தது. பொறியாளனாக எனக்கு அந்தக் கலப்பைமேல் மரியாதை வருகிறது. எளிமையான தீர்வு, சரியான பொருள். ஆனால் அடுத்த அறுபது எழுபது வருடத்தில் அது என்ன செய்தது என்றால், நல்ல நிலையில் இருக்கும் பிரெய்ரி இன்று இல்லினாயில் பழைய பரப்பில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை.

புல்தரைக்கும் ஒரு பொறியாளர் இருக்கிறார். இங்கிலாந்தின் ஸ்ட்ரவுட் பகுதியில் எட்வின் பட்டிங் என்பவர் 1830இல் புல் வெட்டும் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். அவர் ஊரில் கம்பளித் துணி ஆலைகள் உண்டு. துணிமேல் துருத்திக்கொண்டிருக்கும் மயிரைச் சீராக வெட்டும் சுழல்கத்தி இயந்திரத்தைப் பார்த்து, அதையே புல்லுக்கு மாற்றினார். துணிக்குச் செய்த இயந்திரத்தில் வெட்டியதால்தானோ என்னவோ, புல்தரையை நாம் கம்பளம் என்கிறோம். அதற்கு முன் இப்படிப் புல்லை வைத்திருக்க ஆட்டுமந்தை வேண்டும், இல்லையென்றால் அரிவாளுடன் வேலைக்காரர் படை வேண்டும். பிரபுக்களால் மட்டுமே முடிந்தது அது.

அமெரிக்காவில் அதை நடுத்தர வர்க்கத்துக்குக் கொண்டுவந்ததில் சிகாகோவுக்கு ஒரு பங்கு உண்டு. நகரத்துக்கு மேற்கே ரிவர்சைட் என்ற புறநகரை 1869 வாக்கில் ஃபிரடெரிக் லா ஓம்ஸ்டெட் வடிவமைத்தார். ஒவ்வொரு வீடும் சாலையிலிருந்து 30 அடி தள்ளி இருக்கவேண்டும் என்பது விதி. வீட்டு முன்னால் விட்ட அந்த 30 அடிதான் தெரு முழுக்க ஒரே பச்சைப் பூங்காவாகத் தெரிந்தது. அடுத்தவர் வீட்டுப் புல்லும் நம் பார்வைக்கு உரியது என்ற எண்ணம் இங்கிருந்துதான் பலப்பட்டது என்று நினைக்கிறேன். இரண்டாம் உலகப்போருக்குப் பின் லெவிட்டவுன் போன்ற குடியிருப்புகளில் வாரம் ஒருமுறை புல் வெட்டுவது வீட்டுக்காரரின் கடமை என்று எழுதியே வைத்தார்கள். 2005இல் நாசாவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு கணக்குப் போட்டபோது, அமெரிக்கப் புல்தரையின் மொத்தப் பரப்பு ஏறக்குறைய 1,60,000 சதுர கிலோமீட்டர் என்று வந்தது. தீபகற்ப மலேசியாவைவிடப் பெரியது. யாரும் சாப்பிடாத பயிர்.

*

எல்லாம் உழப்பட்ட பிறகு பிரெய்ரி எங்கே மிஞ்சியது? கலப்பை போகாத இரண்டு இடங்களில். ஒன்று ரயில் தண்டவாள ஓரம். இன்னொன்று முதல் குடியேறிகளின் கல்லறைகள். நிலத்தை உழுது பிரெய்ரியை அழித்தவர்கள், செத்த பிறகு தம் உடம்பை வைத்து ஒரு துண்டு பிரெய்ரியைக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

இதைக் கண்டு தேடிப் போனவர்களில் முக்கியமானவர் ராபர்ட் பெட்ஸ். வடகிழக்கு இல்லினாய் பல்கலைக்கழகப் பேராசிரியர், உயிர்வேதியியல்காரர். தாவரவியல் அவர் துறையே இல்லை. பழைய கல்லறைகள் ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்தார். வாராவாரம் வெட்டிய இடங்களில் பழைய செடிகள் ஒன்றும் மிஞ்சவில்லை. எப்போதாவது வெட்டிய, அல்லது மறந்தேபோன கல்லறைகளில் வேர் உயிரோடு இருந்தது. வெட்டுவதை நிறுத்துங்கள் என்று பொறுப்பாளர்களிடம் கேட்டார். இறந்தவர்களுக்கு மரியாதை செய்கிறோம் என்று வெட்டிக்கொண்டிருந்தவர்களிடம் அப்படிக் கேட்பது சுலபமாக இருந்திருக்காது. வில் கவுண்டியில் அவர் காப்பாற்றப் பாடுபட்ட வெர்மாண்ட் கல்லறை ஒரு ஏக்கர்தான். போய்ப் பார்த்தேன். வேலிக்கு வெளியே நின்று பார்க்கலாம். சாய்ந்த கல்லறைக் கற்களுக்கு நடுவே, தலைக்கு மேலே, நான் வெட்டிய அதே செடி மஞ்சளாகப் பூத்து நின்றது.

மிஞ்சியதைக் காப்பது ஒன்று. இல்லாத இடத்தில் திரும்ப உண்டாக்குவது வேறு. அதை முதலில் பெரிய அளவில் செய்து பார்த்தது மேடிசன் நகரில், விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆர்போரீட்டத்தில். 1934இல் திறப்புவிழாவில் பேசியவர்களில் லியோபோல்டும் ஒருவர். அதே வருடம்தான் உழுது நாசமான சமவெளிகளின் மண் புழுதிப்புயலாகக் கிளம்பிக் கிழக்குக் கடற்கரை நகரங்கள்வரை போனது. பொருளாதார வீழ்ச்சியில் வேலையில்லாத இளைஞர்களுக்கு அரசு கொடுத்த முகாம் வேலையாக, தியோடர் ஸ்பெரி மேற்பார்வையில், பழைய பண்ணை நிலத்தில் பிரெய்ரிச் செடிகளை மண்ணோடு பெயர்த்துக்கொண்டுவந்து நட்டார்கள். கூலிக்கு நட்டார்கள் என்பதை நான் கவனித்துக்கொண்டேன். வரலாற்றில் பெயர் நிற்பது பேராசிரியர்களுக்குத்தான்.

நட்டதோடு முடியவில்லை. கென்டக்கி ப்ளூகிராஸ் என்ற புல் உள்ளே புகுந்து நெருக்கியது. அமெரிக்கப் புல்தரையின் தலையாய புல் அதுதான். பெயரில் கென்டக்கி இருந்தாலும் ஐரோப்பாவிலிருந்து வந்தது. 1940களில் ஜான் கர்ட்டிஸும் மேக்ஸ் பார்ட்சும் பாத்தி பிரித்துத் தீ வைத்துப் பார்த்தார்கள். ப்ளூகிராஸ் குளிர்காலம் முடிந்ததும் முதலில் துளிர்க்கும். பிரெய்ரிப் புல் வெயில் ஏறின பிறகுதான் விழிக்கும். இடைப்பட்ட அந்தச் சில வாரத்தில் தீ வைத்தால் முந்திக்கொண்டது கருகும், தூங்குவது தப்பும். 1948இல் முடிவை வெளியிட்டார்கள். பூர்வகுடிகள் செய்ததை விஞ்ஞானம் புதிதாகக் கண்டுபிடித்தது. அதே 1948 ஏப்ரலில், பக்கத்து நிலத்தில் பரவிய புல்தீயை அணைக்கப் போன இடத்தில் மாரடைப்பு வந்து லியோபோல்ட் இறந்தார்.

எனக்கு மிகப் பிடித்த இடம் ஃபெர்மிலேப். சிகாகோவுக்கு மேற்கே பட்டேவியாவில் இருக்கும் துகள் இயற்பியல் ஆய்வுக்கூடம். புரோட்டான்களைச் சுழலவிடும் 6 கிலோமீட்டர் வட்டச் சுரங்கத்துக்கு நடுவே காலி நிலம். 1970களில் அங்கே பிரெய்ரி வளர்க்கலாம் என்று யோசனை சொன்னவர் அதே ராபர்ட் பெட்ஸ். எவ்வளவு காலம் ஆகும் என்று இயக்குநர் ராபர்ட் வில்சன் கேட்டிருக்கிறார். இருபது, முப்பது, நாற்பது வருடம்கூட ஆகலாம் என்றாராம் பெட்ஸ். அப்படியென்றால் இன்று மத்தியானமே ஆரம்பித்துவிடுவோம் என்றாராம் வில்சன். தண்டவாள ஓரத்திலும் கல்லறையிலும் தொண்டர்கள் கையால் பொறுக்கிய விதையை வைத்து 1975இல் முதல் விதைப்பு நடந்தது. பெட்ஸ் எல்லாச் செடியையும் ஒரே நேரத்தில் போடவில்லை. களையோடு சண்டைபோடத் தெரிந்த முரட்டுச் செடிகள் முதலில், மண் பக்குவப்பட்ட பிறகு நோஞ்சான்கள் என்று வரிசை வைத்தார். இன்று சுமார் 1,000 ஏக்கர். அந்தச் சுரங்கத்தில் ஓடிய கடைசி இயந்திரமான டெவட்ரானை 2011இல் நிறுத்திவிட்டார்கள். புல் ஓடிக்கொண்டிருக்கிறது.

*

வீட்டுக்காரம்மா செய்தது இவற்றின் குட்டி வடிவம். புல்தரைமேல் கறுப்பு பிளாஸ்டிக்கை ஒரு கோடை முழுக்கப் போட்டு மூடிக் கொன்றிருக்கிறார். நவம்பரில் விதைத்திருக்கிறார், ஏனென்றால் பல விதைகளுக்குக் குளிரும் ஈரமும் பட்டால்தான் முளைவிடத் தோன்றும். முதல் வருடம் அவரே மிசினால் வெட்டிக்கொண்டிருந்தாராம், களை உயர்ந்து குட்டிச் செடிக்கு நிழல் கட்டாமல் இருக்க. முதல் வருடம் தூங்கும், இரண்டாம் வருடம் தவழும், மூன்றாம் வருடம் துள்ளும் என்பது அங்கே தோட்டக்காரர்கள் வாயில் இருக்கும் வழக்கு. ஊருக்குள் தீ வைக்க முடியாது. அதனால் மார்ச்சில் காய்ந்ததை வெட்டி வாரி எடுத்துவிடுவார்.

நகராட்சியிலிருந்து அவருக்கு இரண்டு தடவை கடிதம் வந்திருக்கிறது. புல் உயரம் விதியை மீறுகிறது, எலி சேரும், தீ பிடிக்கும் என்று. இதே குற்றச்சாட்டுகள் 1976இல் விஸ்கான்சினின் நியூ பெர்லின் நகரில் நீதிமன்றம்வரை போயின. வனவிலங்குத் துறைக்காரர் ஒருவர் புல்தரையை விட்டுப் பிரெய்ரி வளர்த்ததற்காக நகரம் அவர்மேல் வழக்குப் போட்டது. தீ, எலி, மகரந்தம் என்று ஒவ்வொன்றாக நிபுணர்கள் வந்து மறுத்தார்கள். அந்தச் சட்டத்துக்கு நியாயமான அடிப்படை இல்லை என்று தீர்ப்பானது. இவர் நீதிமன்றம் போகவில்லை. நடைபாதை ஓரமாக இரண்டடி அகலத்துக்குப் புல்லை ஒட்ட வெட்டி, ஒரு சின்னப் பலகை வைத்தார். கடிதம் நின்றது. நிலவடிவமைப்பாளர் ஜோன் நசாவர் 1995இலேயே இதை எழுதியிருக்கிறார்: காடு மாதிரி தெரிவதைச் சுற்றி ஒழுங்கான ஒரு ஓரம் இருந்தால், யாரோ கவனிக்கிறார்கள் என்று பார்ப்பவருக்குப் புரிந்துவிடும்.

*

ஆனாலும் எனக்கு ஒரு நெருடல் இருந்துகொண்டே இருந்தது. அவர் தோட்டத்தில் இரண்டு சொற்கள் அடிக்கடி வரும். ஒன்று ‘இந்த மண்ணுக்குரியது’, இன்னொன்று ‘வந்து ஆக்கிரமித்தது’. அவர் செடியைத்தான் சொல்கிறார். எனக்கு அதைக் கேட்டாலே முதுகு விறைக்கும். மூன்று தலைமுறை இங்கே பிறந்த பிறகும் ‘பெண்டாத்தாங்’ என்று கேட்டு வளர்ந்தவனுக்கு அது வெறும் தாவரவியல் சொல் இல்லை. ஒருநாள் சொல்லியும்விட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, தன் தாத்தா போலந்திலிருந்து வந்தவர் என்றார்.

இந்த நெருடல் எனக்கு மட்டும் வந்தது இல்லை. சிகாகோ யூனியன் பூங்காவில் 1888இல் உள்ளூர்க் காட்டுப்பூக்களை வைத்து ‘அமெரிக்கத் தோட்டம்’ அமைத்த யென்ஸ் யென்சன், மண்ணுக்குரிய செடியே உயர்ந்தது என்று வாழ்நாள் முழுக்கப் பேசியவர். அவரே டென்மார்க்கிலிருந்து வந்தவர். இந்தப் பேச்சுக்கும் நாஜி காலத்து ஜெர்மானியத் தோட்டக்கலைப் பேச்சுக்கும் உள்ள ஒற்றுமையை 1990களில் இரண்டு ஜெர்மன் வரலாற்றாளர்கள் எடுத்துக்காட்டி, பெரிய விவாதமே நடந்தது.

என் ஊர் வரலாறும் இதில் சேர்ந்துகொண்டது. ரப்பர் நம் மண்ணின் மரம் இல்லை. பிரேசிலிலிருந்து லண்டன் வழியாக 1877இல் சிங்கப்பூருக்கு வந்த கன்றுகள். லாலாங் புல் இந்தப் பகுதிக்கே உரியது. ஆனால் தோட்டத்தில் ரப்பர் பயிர், லாலாங் களை. என் பூட்டி அந்தக் களையை வெட்டத்தான் கப்பலேறினாள். மரத்துக்கு இடையே ஒரு புல் இல்லாமல் வழித்துவைக்க வேண்டும் என்பது அந்தக் காலத் துரைமார் கட்டளை. மழையில் மேல்மண் அத்தனையும் போன பிறகுதான், 1930கள் வாக்கில், மூடுபயிர் போடச் சொன்னார்கள். 1987 அக்டோபரில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களை விசாரணையின்றிப் பிடித்து அடைத்த நடவடிக்கைக்கு ‘ஓப்ஸ் லாலாங்’ என்று பெயர் வைத்ததும் அந்தப் பழைய மொழியில்தான். எது பயிர், எது களை என்று முடிவு செய்வது மண் இல்லை, மண்ணை வைத்திருப்பவர்.

அப்படியென்றால் பிரெய்ரியைத் திரும்ப நடுவது வீண் வேலையா? நான் அப்படி நினைக்கவில்லை. ப்ளூகிராஸை எதிர்ப்பதற்குக் காரணம் அது ஐரோப்பாவிலிருந்து வந்தது என்பது அல்ல. அது நின்ற இடத்தில் வேறு எதற்கும் இடம் இல்லை என்பது. ஒரு ஏக்கர் கல்லறையில் எத்தனையோ வகைச் செடிகள் ஒன்றையொன்று நெருக்கியும் விட்டுக்கொடுத்தும் நிற்கின்றன. ஆக்கிரமிப்பு என்ற சொல்லை நடத்தைக்குப் பயன்படுத்தலாம், பிறப்புக்கு இல்லை. இதை அவரிடம் சொன்னபோது தலையசைத்தார். ஒப்புக்கொண்டாரா, என்னைச் சமாதானப்படுத்தினாரா, தெரியவில்லை.

திரும்பி வந்து அப்பாவிடம் எல்லாம் சொன்னேன். “நம்ம ஊர்ல விட்டா பாம்புதான் வரும்” என்றார். அதுவும் சரிதான். லாலாங் பிரெய்ரி கிடையாது. காட்டை வெட்டிய இடத்தில் வருவது அது. இங்கே திரும்ப வேண்டியது புல் இல்லை, மரம். அமெரிக்காவைப் பார்த்து ஜொகூரில் யாராவது புல்லை வளரவிட்டால் கொசுவுக்குச் சம்மன்தான் கிடைக்கும்.

போன வருடம் ஜூலையில் வீட்டுக்காரம்மா ஒரு படம் அனுப்பினார். வெட்டுப்பட்ட இடத்தில் திசைகாட்டிச் செடி இரண்டு தண்டுகளாக எழுந்து பூத்திருந்தது. அப்பாவிடம் காட்டினேன். அவர் பூவைப் பார்க்கவில்லை. படத்தைப் பெரிசாக்கி, நடைபாதைப் பக்கத்தைப் பார்த்தார்.

“ஓரம் யாருய்யா வெட்டுனது? நேரா இருக்கு.”

“அங்க மெக்சிகோவுலேர்ந்து வந்த ஒருத்தரு, அப்பா. வாராவாரம் வந்து வெட்டிக் குடுப்பாரு.”

“நல்ல கை” என்றார் அப்பா.